அமீன் சேர்க்காத குடுவை

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சங்கரவடிவுக்கு இப்போதைக்கு அது போதும். ரப்பர் குழல் வழியாக, ஆவியைக் குளிர்விக்கிற கண்டென்சரின் கீழ்வாயில் ஏறி, மேல்வாயில் வெளியேறித் தொட்டியில் விழும் அந்த மெல்லிய ஒழுக்கு நிற்காதவரை, குடுவைக்குள் கொதிக்கிற மெத்தனால் ஆவியாகி மேலே போவதும், குளிர்ந்து சொட்டுச் சொட்டாகக் குடுவைக்கே திரும்புவதுமாக இருக்கும். ஒழுக்கு நின்றால் மெத்தனால் திரும்பாது, குடுவை வறண்டு தீய்ந்துவிடும். சனிக்கிழமை மத்தியானம் இந்தக் கல்லூரியில் தண்ணீரை நம்ப முடியாது. விடுதிப் பிள்ளைகள் ஒரு வாரத்துத் துணியை மொத்தமாக ஊறப்போட்டுவிட்டு மேல்தொட்டியைக் காலி பண்ணுகிற நாள். ஆகவே யாராவது ஒருத்தர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், உட்காருவதற்கு வடிவை விட்டால் ஆளில்லை. மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் வெள்ளி சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார்கள். அவர்களுக்கு ஊரில் கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். பேசுவதற்கும் கோபித்துக்கொள்வதற்கும் ஆட்கள் இருந்தார்கள். வடிவு ஒரு கால் கட்டையான உயர ஸ்டூலில், ஆடாமல் உட்காரும் வித்தையை ஆறு வருஷத்தில் கற்றுக்கொண்டவளாக, கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடுவைக்குள் பச்சையாக ஒன்று குமிழிவிட்டது. அதில் மூன்று பொருள் இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தது. ஆல்டிஹைடும் செம்பு உப்பும். மூன்றாவதான அமீனை அவள் வேண்டுமென்றே போடவில்லை. போடாமல் என்ன வருகிறது என்று பார்க்கத்தான் இந்தக் கொதிப்பு. ஏதாவது வரத்தான் செய்யும், செம்பு சும்மா இருக்கிற சாதி இல்லை. ஆனால் அந்தப் பச்சைப் படிக ஊசிகள் மட்டும் வரக் கூடாது. வரக் கூடாது, வரக் கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பதைத் தானே கேட்டு வெட்கப்பட்டு நிறுத்தினாள். வேதியியல் படித்தவள் குடுவைக்கு முன்னால் உட்கார்ந்து சாமி கும்பிடுகிற மாதிரி இருந்தது.

ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்தால் இரண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று விழும். கழன்ற இடத்தில் கார்பனும் நைட்ரஜனும் இரட்டைப் பிணைப்பாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் ஷிஃப் காரம் என்று பெயர். அது ஒரு உலோகத்தைக் கண்டால் நாலு பக்கமும் கைபோட்டு அணைத்துக்கொள்ளும். இதைப் பிஎஸ்சி பிள்ளைகளுக்கு எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் பின்பெஞ்சில் யாராவது சிரிப்பார்கள், அணைப்பு என்றாலே அவர்களுக்குச் சிரிப்பு. துத்தநாகம், நிக்கல், கோபால்ட், செம்பு என்று நாலு உலோகம், அவளுடைய ஆய்வேட்டில் நாலு அத்தியாயம். முதல் மூன்றும் பொடி. யாரும் திரும்பிப் பார்க்காத, ஆனால் குறை சொல்ல முடியாத, ஒழுங்கான பொடி. நாலாவதுதான் அவளுடைய சொத்து. நீளநீளமாக, கரும்பச்சையில், வெளிச்சத்தில் திருப்பினால் கண் கூசுகிற ஊசிகள். நுண்ணோக்கியில் வைத்து எடுத்த அதன் படத்தை அவளுடைய வழிகாட்டி அழகியநம்பி சார் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருந்தார். அவருக்குக் கீழே எத்தனையோ பேர் பட்டம் வாங்கிப் போயிருந்தாலும் சுவரேறியது இது ஒன்றுதான். வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்தால் காப்பிக்கு முன்னால் அதைக் காட்டுவார். இந்த மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெறுகிறார். திங்கட்கிழமை ஆய்வேடு பைண்டிங்குக்குப் போக வேண்டும், அவர் கையெழுத்து செல்லுபடியாகிற காலத்துக்குள் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஷைனி வாயைத் திறக்கும் வரைக்கும்.

ஷைனி பாவம், அவள் மேல் தப்பே இல்லை. வடிவுக்கு அடுத்தபடி சேர்ந்த பெண், நாகர்கோவில் பக்கம், எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். புதன்கிழமை டீ குடிக்கும்போது பேச்சு தராசு அறைப் பக்கம் போனது. எடை போட்டுவிட்டுத் துடைக்காமல் போகிறவர்கள் எவ்வளவு பேர் என்று ஆளாளுக்குப் பட்டியல் போட்டார்கள். ‘வடிவக்கா மட்டும்தான் சுத்தம்’ என்றான் ஒருத்தன். ‘அக்காவும் ஒரு தடவ விட்டுட்டுப் போயிருக்கு’ என்றாள் ஷைனி. ‘எப்ப?’ என்றாள் வடிவு, சிரித்துக்கொண்டுதான். ‘அம்மாவுக்கு முடியாமப் போச்சுல்லா, அன்னைக்கு. நீங்க பஸ்ல இருந்து போன் பண்ணி, ஹீட்டர நிறுத்தி பீக்கர்ல ஊத்தி மூடி வைன்னு சொன்னீங்கல்லா. அத மட்டும்தான் செஞ்சேன். நாலஞ்சு நாள் லீவு முடிஞ்சு தராசத் தொறந்தா, உள்ள பேப்பர் அப்படியே இருக்கு. நான்தான் எடுத்துக் கொட்டினேன்.’ ‘பேப்பர்ல என்ன இருந்துச்சு?’ ‘பழுப்பா என்னமோ பொடி.’ ‘நெறையவா, கொஞ்சமா?’ ‘தெரியலியே அக்கா. மூணு வருசம் ஆச்சு.’ பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. வடிவின் டீயில் ஆடை படிந்தது. பழுப்பு. அவள் கையாலேயே சுத்தப்படுத்தி வைத்திருந்த அமீன் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும். நாலு நாள் காற்றில் கிடந்தால் பழுப்பாகிவிடும். செம்பு உப்பு நீலப்பச்சை, அது எத்தனை நாள் கிடந்தாலும் பழுக்காது. ஆகவே காகிதத்தில் இருந்தது அமீன். ஆனால் எவ்வளவு? எடை போடும்போது கொஞ்சம் கூடுதலாகத் தட்டிவிட்டு, கூடுதலை வேறு காகிதத்தில் தள்ளிவைப்பது எல்லாரும் செய்கிறதுதான். அந்த மிச்சமாக இருக்கலாம். இருக்கலாம் என்ன, அதுவாகத்தான் இருக்கும். புதனிலிருந்து இன்று வரை இந்த ‘அதுவாகத்தான்’ அவளைத் தூங்க விடவில்லை.

ஒழுக்கு கொஞ்சம் மெலிந்தது. எழுந்து போய்க் குழாயை இன்னும் ஒரு திருகு திறந்தாள், பழையபடி ஆயிற்று. திரும்பி வந்து உட்கார்ந்ததும் அந்த நாள் வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டது. தராசு அறையின் கருங்கல் மேடை. போனைக் கொண்டுபோகக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருக்கும், அவள் மேடை மேலேயே வைத்திருந்தாள். ஆல்டிஹைடும் செம்பும் ஏற்கனவே குடுவையில் சூடாகிக்கொண்டிருந்தன. அமீனை எடுத்துக்கொண்டு போய்ப் போட வேண்டியதுதான் பாக்கி. காகிதத்தைத் தட்டில் வைத்துச் சிறு கரண்டியால் தட்டித் தட்டி இறக்கினாள். வெள்ளைப் பொடி. கடைசி இலக்கம் நிற்காமல் ஆடியது. கண்ணாடிக் கதவைச் சாத்தினாள், அப்போதும் ஆடியது. அப்புறம்தான் தெரிந்தது போன் அதிர்ந்துகொண்டிருப்பது. மேடையே அதிர்ந்ததில்தான் எடை நிற்கவில்லை. அம்மா. அம்மா காலையில் கூப்பிடவே மாட்டாள். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால்தான் கூப்பிடுவாள். ‘என்ன தாயி, சாப்ட்டியா?’ ‘சாப்ட்டேம்மா.’ ‘என்ன சாப்ட்ட?’ என்ன சாப்பிட்டாள் என்று சொன்னால் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பாள், குறை தீர்ந்ததும் வைத்துவிடுவாள். காலையில் கூப்பிடுகிறாளே என்று நினைத்தது நினைவிருக்கிறது. எடை நிற்கட்டும் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில்தான் நினைத்தாள். போன் அடித்து ஓய்ந்தது. இலக்கம் நின்றது. அதற்கப்புறம் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள், குடுவையின் வாயில் சாய்த்துத் தட்டினாள், ஒட்டிக்கொண்டிருந்ததை மெத்தனால் பீய்ச்சிக் கழுவி இறக்கினாள், கண்டென்சரைத் திரும்ப மாட்டினாள். அதற்கப்புறம்தான் வராந்தாவுக்கு வந்து அம்மாவைத் திருப்பிக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. பக்கத்து வீட்டுச் செல்லக்கனி மதினி. ‘வடிவு, பதறாத. அம்மா கீழ விழுந்துட்டா. ஒண்ணும் இல்ல, நீ கெளம்பி வா.’ ஒன்றும் இல்லை என்று மதினி சொன்ன தொனியிலேயே எல்லாம் இருந்தது.

இப்படித்தான் அவள் நினைவு வைத்திருந்தாள். மூன்று வருஷமாக ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இதை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்திருக்கிறாள், அதில் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. சந்தேகம் வராததுதான் அவளுக்குத் தண்டனை. பொடியைத் தட்டி, கழுவி, மூடி மாட்டுகிற நேரம் முழுக்க அம்மா விளாத்திகுளத்து வீட்டில் குளியலறை வாசலில் கிடந்திருக்கிறாள், போன் கையெட்டுகிற தூரத்தில். எடுத்துப் பேசியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். நீ அங்க இருந்து பறந்தா வந்திருக்க முடியும் என்றார்கள். காப்பாற்றுவதைப் பற்றி யார் பேசினார்கள். குரல். கிடக்கிறபோது ஒரு குரல் கேட்டிருக்கலாம். முதல் தடவை எடுக்காவிட்டால் போகிறது, ஓய்ந்த கையோடு ஓடிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டிருந்தால் அம்மா எடுத்திருப்பாளோ என்னவோ. ஒரு சிட்டிகைப் பொடி காற்றில் பழுத்துவிடும் என்று பெற்ற தாயைக் காக்க வைத்தவள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல யார் இருக்கிறார்கள். அப்பா அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போனவர், கூடப் பிறந்தது யாரும் இல்லை, கல்யாணம் இந்தா அந்தா என்று தள்ளிப்போய் இப்போது யாரும் கேட்பதையே விட்டுவிட்டார்கள். வாடகை அறையில் சாயங்காலம் அந்த நேரம் வந்தால் கை தானாகப் போனை எடுக்கும். எடுத்து, ஒன்றுமில்லாமல் திரும்ப வைக்கும். சாப்ட்டியா என்று கேட்க ஆள் இல்லாமல் போனபின் சாப்பிடுவதே ஒழுங்கில்லாமல் போயிற்று. இந்தப் பாழாய்ப்போன வேலையைப் பற்றி அம்மாவுக்கு எப்போதும் ஒரு கேலி உண்டு. ‘என்னத்தத்தான் காய்ச்சுவியோ. கொதிக்க வச்சிட்டுப் போன எடுத்துப் பேச வேண்டியதுதான? நான் ஒல வச்சிட்டு ஊர்க்கத பேசலயா?’ ‘அது வேறம்மா, இது வேற.’ ‘என்ன வேற? கொதிக்கது எல்லாம் ஒண்ணுதான்.’

சொட்டு, சொட்டு. கண்டென்சரின் நுனியில் ஒரு துளி கனத்துத் தயங்கி விழுந்தது. அறை முழுக்க ஆல்டிஹைடின் வாடை. மருந்துக்கடை வாடையும் இல்லாமல் வாசனைத் திரவியமும் இல்லாமல் நடுவில் ஒன்று. துணியில் ஏறினால் இறங்காது, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்வார்கள். அமீனோடு சேரும்போது அந்த வாடை அடங்கிவிடும். வாடை போய்விட்டால் ஷிஃப் காரம் பிடித்துவிட்டது என்று புது மாணவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கிற குறுக்குவழி அது. இன்று அடங்கவில்லை, அடங்கவும் செய்யாது. ஊசிகள் இருக்கிற குப்பியை எப்போதாவது முகர்ந்து பார்த்திருக்கிறாளா? பார்த்திருக்கிறாள். லேசாக ஒரு வாடை இருந்தது. மூடியில் ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள். இப்படி எத்தனை விட்டுவிட்டிருக்கிறாள் என்று எண்ணத் தொடங்கினாள். அகச்சிவப்பு நிறமாலையில் ஒரு பள்ளம் விழுந்தது, கார்பனும் நைட்ரஜனும் பிடித்துக்கொண்டால் விழுகிற இடத்துக்குக் கிட்டத்தில். ஆல்டிஹைடே நேரடியாகச் செம்பைப் பிடித்துக்கொண்டாலும் ஏறக்குறைய அங்கேதான் விழும். மனசு எதை எதிர்பார்த்துக்கொண்டு பார்க்கிறதோ அதைக் காட்டுகிற பள்ளம். பிறகு அவள் எத்தனை தடவை அமீன் போட்டுத் திரும்பச் செய்தாலும் ஊசி வரவில்லை, பழுப்புப் பொடிதான் வந்தது. ‘ரெண்டும் ஒண்ணுதானம்மா’ என்றார் சார். ‘பொடியா வந்தா ஒரு நெறம், படிகமா வந்தா ஒரு நெறம். எத்தன பாத்திருக்கேன்.’ படிகத்தின் உள்ளமைப்பைப் பார்க்க எக்ஸ்ரேக்கு அனுப்பியதில் ஊசிகள் மெலிசு என்று திருப்பிவிட்டார்கள். அமீனிலிருந்து மட்டுமே வரக்கூடிய நைட்ரஜன் எவ்வளவு என்று பார்க்க வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருந்தபோது ஊசிகளை அனுப்ப மனம் வரவில்லை. எரித்துத்தான் பார்ப்பார்கள். இருந்ததே ஒரு சிட்டிகை. அம்மா போன நாட்களில் வளர்ந்தது, அதை எரிக்கக் கொடுப்பதா? பழுப்புப் பொடியை அனுப்பினாள். நைட்ரஜன் கச்சிதமாக வந்தது. பொடியின் கணக்கும் ஊசியின் படமும் ஆய்வேட்டில் ஒரே பக்கத்தில், புருஷன் பெண்டாட்டி மாதிரி, யாரும் கேள்வி கேட்காத லட்சணத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இதை இன்றைக்குச் செய்திருக்கவே வேண்டாம். அதுதான் வேடிக்கை. திங்கட்கிழமை வரை பேசாமல் இருந்திருந்தால் சிவப்பு அட்டையில் தங்க எழுத்தோடு முடிந்திருக்கும். பரிசோதகர்கள் பக்கம் புரட்டுவார்கள், படத்தைப் பார்த்து ஆகா என்பார்கள், சாரின் பழைய நண்பர் யாராவது ஒருத்தர் எளிதாக ஒரு கேள்வி கேட்பார். ஷைனிக்குத் தான் சொன்னது என்ன என்று இன்னமும் தெரியாது. தெரிந்தவள் வடிவு ஒருத்திதான், அவளுக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாமலேயே இருந்துவிடுவதில் என்ன குற்றம்? ஆனால் தராசுத் தட்டில் அந்தக் காகிதம் நாலு நாளாகப் பழுத்துக்கொண்டே இருந்தது. கண்ணை மூடினால் வெள்ளை, திறந்தால் பழுப்பு. அமீன் போடாவிட்டால் ஊசி வராது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதியாகக் கையெழுத்துக்கு நீட்டலாம். அதற்காகத்தான் காலையில் சாவி வாங்கிக்கொண்டு வந்தாள். பயந்துகொண்டேதான் வந்தாள். அத்தியாயம் போனால் ஆய்வேட்டில் பக்கம் பத்தாது. சார் போய்விட்டால் இன்னொரு வழிகாட்டியிடம் மாற வேண்டும். அவருக்கு இவள் யாரோ. ஆண்டு ஒன்றோ இரண்டோ, இதே ஸ்டூல், இதே ஒழுக்கு. அப்போதும் சனிக்கிழமைகளில் இவள்தான் இருப்பாள்.

சத்தம் மாறியது அவள் காதுக்கு முதலில் எட்டவில்லை. பிறகு எட்டியது. தொட்டியில் விழுகிற சத்தமே இல்லை. குழாய் ஒரு தரம் இருமிவிட்டு அடங்கிப்போயிருந்தது. விடுதிப் பிள்ளைகள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். வடிவு குதித்து இறங்கி ஹீட்டரை அணைத்து, குடுவையை மேலே தூக்கினாள். இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவளுக்கு இனிமேல் சாக்கு இல்லை. சூடு ஆறுவதற்குள் வடிகட்ட வேண்டும். புனலில் வடிதாளை மடித்து வைத்து ஊற்றினாள். பச்சையாக, தெளிவாக, சின்ன பீக்கரில் இறங்கியது. இன்னொரு வடிதாளால் மூடி நூல் கட்டி, குண்டூசியால் துளைபோட்டு, ஜன்னல் திட்டில் வைத்தாள். படிகத்துக்கு வைத்ததை எட்டிப் பார்க்கக் கூடாது என்று இந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம். யார் தொடங்கியது என்று தெரியாது. கண் பட்டுவிடும் என்று பையன்கள்கூடச் சொல்வார்கள். பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், ‘வச்சிருக்கேன்’ என்று மட்டும் சொல்வார்கள், வயிற்றுப்பிள்ளைக்காரி மாதிரி. நல்லதே வர வேண்டும் என்று காத்திருக்கிறவர்களின் வழக்கம் அது. எதுவும் வரக் கூடாது என்று காத்திருக்கிறவள் பார்க்கலாமா, கூடாதா? யாரும் சொல்லி வைக்கவில்லை. வடிவு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அப்படித்தான் அன்றைக்கும் வந்து நின்றாள், பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு. வீட்டைப் பூட்டிச் சாவியைச் செல்லக்கனி மதினியிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்து, அறைக்குப் போகப் பிடிக்காமல் நேரே ஆய்வகத்துக்கு வந்திருந்தாள். யாரும் இல்லை. ஜன்னல் திட்டில் மூடிக் கட்டிய பீக்கர் ஒன்று. ஷைனியின் எழுத்தில் மேலே ‘வடிவக்கா’ என்று இருந்தது. நூலை அவிழ்த்தாள். அடி முழுக்கப் பச்சை ஊசிகள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, ஒரு விரற்கணு நீளத்துக்கு. அவள் அதுவரை அழவில்லை, சுடுகாட்டில் நெருப்பு வைத்தபோதும் அழவில்லை. பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். அம்மா கொடுத்தது என்று தோன்றியது. நான் போறேன், நீ இத வச்சுப் பொழச்சுக்கோ என்று கொடுத்துவிட்டுப் போன மாதிரி. உடனே இன்னொன்றும் தோன்றியது. இதற்காகத்தானே அவளைக் காக்க வைத்தாய், வாங்கிக்கொள். இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில்தான் மூன்று வருஷம் குடியிருந்தாள். சுவரில் அந்தப் படத்தைப் பார்க்கிறபோதெல்லாம் சார் பெருமைப்படுவார், இவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். அடக்கமான பிள்ளை என்று அவர் எல்லாரிடமும் சொல்வார்.

வெயில் சாய்ந்து ஜன்னல் திட்டில் ஏறியது. எங்கோ விடுதி மாடியில் துணி உதறுகிற சத்தம். வடிவு திரும்பினாள். நூலை அவிழ்க்காமலேயே, பீக்கரைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஒன்றும் இல்லை. தெளிந்த பச்சைத் தண்ணீர். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சு முடிவதற்குள் கண்ணாடியின் ஓரத்தில் மயிரிழைபோல் ஒன்று மின்னியது. கீறலாக இருக்கும் என்று பீக்கரைத் திருப்பினாள். கீறல் கூடவே திரும்பியது, ஆனால் அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் அடியில் இரண்டு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ உள்ளிருந்து கோடு கிழிக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக நீண்டன. கரும்பச்சை. கண் கூசியது. குப்பியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மூன்று வருஷமாகத் தினமும் பார்த்த முகம், இருட்டில் வந்தாலும் அடையாளம் தெரியும். நாலாம் அத்தியாயம் போயிற்று. சாரின் சுவரும் போயிற்று. திங்கட்கிழமை போயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்தாள், அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அன்றைக்குக் குடுவையில் அமீன் போகவே இல்லை. காகிதத்தில் பழுத்துக் கிடந்தது மிச்சம் இல்லை, முழுவதுமே அதுதான். அப்படியானால், என்று மனசு தொடங்கி, ஏதோ தடுக்கி நின்றது. அப்படியானால் மடித்து எடுத்துக்கொண்டு போனது? குடுவை வாயில் சாய்த்தது? மெத்தனால் பீய்ச்சிக் கழுவியது? கை இப்போதும் அந்த அசைவைச் செய்கிறது. அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ நாள் செய்த கை. அந்த நாளில் இருந்த ஓட்டையை வேறு நாளின் துணி வைத்துத் தைத்திருக்கிறது. போன் அடித்தது. எடை நிற்கட்டும் என்று நினைத்தாள், அது நிஜம். அடித்து ஓய்ந்தது, அதுவும் நிஜம். அதற்கப்புறம் அவள் எதையும் கொட்டவில்லை, கழுவவில்லை, மூடி மாட்டவில்லை. காகிதத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு, தராசை அணைக்காமல், துடைக்காமல், வராந்தாவுக்கு ஓடியிருக்கிறாள். செல்லக்கனி மதினியின் அழைப்பு வரும்போது அவள் ஏற்கனவே அங்கே அம்மாவின் எண்ணைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அம்மா எடுக்கவில்லை. ஆனால் இவள் ஓடினாள். ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை தராசைத் துடைக்காமல் ஓடியவள் எதற்காக ஓடினாள் என்று இந்தப் பச்சை ஊசிகள் சாட்சி சொல்லிக்கொண்டு நீண்டுகொண்டிருந்தன. அம்மா, நான் போடலம்மா என்றாள், ஆளில்லாத அறையில், வாய்விட்டு.

சார் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் டிவியும் பேரப்பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. ‘சொல்லும்மா வடிவு. என்ன, சனிக்கெழமையுமா?’ ‘சார், அந்தச் செம்புப் படிகத்துல நைட்ரஜன் கெடையாது சார்.’ ‘யாரு சொன்னா?’ ‘நானே இப்ப அமீன் போடாம வச்சுப் பாத்தேன் சார். அதே ஊசி வருது.’ அவர் எழுந்து வேறு அறைக்குப் போகிறார் என்று தெரிந்தது, கூச்சல் குறைந்து ஒரு கதவு சாத்துகிற சத்தம். ‘இந்த மாசத்தோட நான் போயிருவேன். அத எடுத்துட்டா உனக்கு அத்தியாயம் பத்தாது. தெரியும்லா?’ ‘தெரியும் சார்.’ ‘திங்கக்கெழம பைண்டிங் போகட்டும். பெறவு யோசிப்போமே.’ ‘யோசிச்சாச்சு சார். அத எடுத்துரணும்.’ அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று. ‘சரி. எடுத்துரு. படத்த நான் கழட்டிருதேன்’ என்றார். நல்ல மனிதர்தான், அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு பட்டிருக்கும் என்று வடிவுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. மூன்று வருஷமாக வராதது வந்தது. போனைக் காதிலிருந்து எடுக்கவும் தோன்றாமல், கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதாள். ‘அழாதம்மா’ என்றார் சார். பதறிவிட்டார், பாவம். ‘ஒரு படிகம்தான. உயிரா போச்சு. இன்னொண்ணு செஞ்சுக்கலாம். நானே யார்ட்டயாவது சொல்லி உன்னச் சேத்துவிடுதேன்.’ ‘அதுக்கு இல்ல சார்.’ ‘எனக்குத் தெரியாதா. ஆறு வருசம்.’ ‘அன்னைக்கு நான் அதப் போடவே இல்ல சார்’ என்றாள் வடிவு. யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது, இவர்தான் இருந்தார். ‘தட்டுலயே விட்டுட்டுப் போயிருக்கேன். போடவே இல்ல.’ ‘தப்பு எல்லாருக்கும் வரும்மா’ என்றார் சார். வடிவு ஆமாம் சார் என்றாள்.